கை நனைத்த வீடு

குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி பிடுங்கும் நாள்களில் ஆட்களுக்கு மத்தியானச் சாப்பாடு வயல்காரர் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். பாப்பிரெட்டிப்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர்களில் அது யாரும் பேசி முடிவு செய்யாத ஏற்பாடு. சாப்பாடு என்றால் களி. சாலம்மாள் அன்றைக்கும் விடியலில் ராகிக் களி கிண்டினாள். கொதித்த குண்டானை இறக்கித் தரையில் வைத்து, கவைக்கம்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டு துடுப்பைச் சுழற்றினாள். தோள்பட்டை வலித்தது. தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒட்டவில்லை, வெந்துவிட்டது. விரலை வாய்க்குக் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, கொளம்புல உப்பு இருக்குதான்னு பாருங்க."

வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த தர்மன் வந்து உள்ளங்கையை நீட்டினான். கத்திரிக்காய்க் குழம்பை நக்கிப் பார்த்தான்.

"நல்லா காட்டமா இருக்குது."

"காட்டத்த கேக்கல. உப்பு."

"இருக்குது."

"முந்தாநேத்தும் இருக்குதுன்னுதான் சொன்னீங்க. வயலுக்கு வந்த மாதம்மா உப்புக் கரிக்குதுன்னு தண்ணியக் குடிச்சே வயித்த ரொப்பிக்கிட்டா."

"அப்ப நீயே ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாரு. ஓசூர்ல இருக்கற உம் மகளுக்கு இங்க என்னா தெரியப் போவுது."

சாலம்மாள் குழம்பை மூடி வைத்தாள். பக்கத்து அடுப்பில் அவளுக்கான குச்சிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, மேலே தேங்காய்த் துருவல். ஐந்தாறு மாதமாகக் காலையிலும் மத்தியானத்திலும் அதுதான்.

தை மாதத்துப் பனி மலையிலிருந்து இறங்கி வயல் வரப்பு வரைக்கும் கிடந்தது. அடுத்த நடவுக்கு வேண்டிய செடிக்குச்சிகளை முன்தினமே வெட்டிக் கட்டி வைத்திருந்தார்கள். பெண்கள் ஆளுக்கொரு சாலாகப் பிடித்து, அடிக்கட்டையை ஆட்டி, இடுப்பை வளைத்து இழுத்தார்கள். மண் பிளந்து கொத்துக்கொத்தாகக் கிழங்கு வந்தது. மண்ணைத் தட்டி, காம்பை ஒடித்துக் குவியலில் எறிந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் டிராக்டர் வரும். ஜவ்வரிசி மில்லில் மாவுச்சத்துக்கு எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பாயிண்டுக்காகவே நடுகிற ரகம் இது. தின்பதற்கான வீட்டுக் கிழங்கு வேறு. கிணற்று மேட்டில் வீட்டுக் கிழங்குச் செடிகள் சில இருந்தன. அவை கார்த்திகையிலேயே சாலம்மாளுக்குத் தீர்ந்துபோயிருந்தன. இப்போது அவள் தின்பது மில்லுக் கிழங்கு. எத்தனை தண்ணீர் மாற்றி வேகவைத்தாலும் நடுநரம்பை ஒட்டி ஒரு கசப்பு நின்றது.

புங்கமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தார்கள். இன்றைக்கு இவள் வயலுக்கு அவர்கள், நாளைக்கு அவர்கள் வயலுக்கு இவள் என்று மாறி மாறி வேலை செய்கிற பெண்கள். களி உருண்டையை நடுவில் குழித்துக் குழம்பு ஊற்றிக்கொண்ட மாதம்மா, சாலம்மாளின் டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"இன்னிக்கும் அதேதானா அண்ணி? களியில மருந்து கிருந்து வெச்சிருக்கறயா? எங்களுக்குப் போட்டுட்டு நீ திங்க மாட்டேங்கற."

"வயித்துப்புண்ணுன்னு சொன்னனே."

"சொன்ன. எங்கூட்டுக்காரனுக்குந்தான் வயித்துப்புண்ணு. டாக்டரு அவன மோரு குடிங்கறாரு. உன்ன மோரும் குடிக்காதேங்கறாரு. உன்னுது எந்த ஊரு வயித்துப்புண்ணு?"

பெண்கள் சிரித்தார்கள். சாலம்மாளும் சிரித்து வைத்தாள்.

"பெங்களூரு புண்ணு போலருக்குது," என்றாள் இன்னொருத்தி.

"எளச்சுப் போயிட்ட அண்ணி. ரவிக்க தோள்ல நிக்கல. பொண்ணுக்கு முடிக்கறதுக்குள்ள நீ காத்துல பறந்துராத."

சாலம்மாள் டப்பாவைத் திறந்து போனில் படம் பிடித்தாள். சாப்பிடுவதற்கு முன்னால் தட்டைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்ப வேண்டும். "இவ சோத்துக்கு சாமியே வந்து திருஷ்டி கழிக்கணும்," என்றாள் மாதம்மா.

போன வருடம் நடவுச் சமயத்தில்தான் நோய் தெரிந்தது. காலையில் எழுந்தால் முகம் ஊதியிருக்கும். சீப்பில் முடி கொத்தாக வரும். குரல் தடித்துப்போய், போனில் பேசினால் பெற்ற மகளே அப்பாவா என்று கேட்டாள். தர்மபுரியில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துத் தைராய்டு குறைவு என்றார். தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, மற்றபடி எப்போதும் போல எல்லாம் சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். மாத்திரை வேலை செய்தது. வீக்கம் வடிந்தது, குரல் திரும்பியது. சாலம்மாள் மறுபடி வயலுக்குப் போனாள்.

கலைமதிதான் அதோடு விடவில்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். ஒரே மகள். அம்மாவை ஓசூருக்கு வரவழைத்து மறுபடி ரத்தம் கொடுக்கவைத்தாள். உடம்பே தன் கழுத்துச் சுரப்பியை எதிரி என்று நினைத்து அடிக்கிறது, மாத்திரை அதை நிறுத்தாது என்றாள்.

"நம்ம வூட்டு நாயி நம்மளயே கடிக்கற மாதிரியா?" என்று கேட்டான் தர்மன்.

"அப்படித்தாம்ப்பா."

"அதுக்கு நாய்க்கு வைத்தியம் பண்ணுவாங்களா, வூட்ல இருக்கறவங்களுக்கு சோத்த நிறுத்துவாங்களா?"

பெங்களூரில் ஒரு பெண் போன் வழியாக உணவு முறை சொல்லித் தருகிறாள், அவள் குழுவில் நிறையப் பேருக்கு மாத்திரையே நின்றுவிட்டது என்றாள் கலைமதி. முதலில் அரிசியும் ராகியும் கோதுமையும் போயின. அடுத்த வாரம் பருப்பு. அதற்குப் பிறகு பால் என்றாள். பால் என்றால் மோரும் சேர்த்தா என்று சாலம்மாள் கேட்டதற்குச் சிரித்தாள். தக்காளி, மிளகாய், கத்திரிக்காய் எல்லாம் ஒரே சாதிச் செடி, அந்தச் சாதியே ஆகாது. முட்டை வேண்டாம். எள்ளும் கடலையும் வேண்டாம், அதனால் அந்த எண்ணெய்களும் வேண்டாம். சீரகமும் கடுகும் விதைதானே, அவையும்தான். கடைசியில் டீ போனபோதுதான் சாலம்மாள் அழுதாள்.

"அப்ப என்னாத்ததான் திங்கறது கண்ணு?"

"கீர, பூசணி, கறி, தேங்கா. கெழங்கு நம்ம வயல்லியே இருக்குதில்லம்மா. கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம் ஒண்ணொண்ணா திரும்பச் சேத்துப் பாக்கலாம்."

கொஞ்ச நாள் முடியவே இல்லை. பொங்கல் அன்று சர்க்கரைப் பொங்கல் கிளறிய கரண்டியை வழித்து நாக்கில் வைத்ததைச் சாலம்மாள் மறைக்கத் தெரியாமல் போனில் சொல்லிவிட்டாள். "போச்சும்மா. இதுவரைக்கும் இருந்ததெல்லாம் வீண். மறுபடியும் மொதல்லேர்ந்து," என்றாள் கலைமதி. அவள் குரல் உடைந்திருந்தது. ஒரு வாய்ப் பொங்கலுக்கு மகள் இப்படி அழுவாளா என்று சாலம்மாளுக்குப் பயமாக இருந்தது. இப்படி ஒரு பெண் யாருக்குக் கிடைப்பாள் என்று பெருமையாகவும் இருந்தது. அதன் பிறகு அவள் எதையும் தொடவில்லை.

யாரிடமும் சொல்லக் கூடாது என்பதும் மகளின் கட்டளைதான். கலைமதிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குத் தைராய்டு என்றால் பெண்ணுக்கும் வரும் என்பார்கள், குழந்தை தங்காது என்பார்கள். வயிற்றுப்புண் என்று சொல்லிவிடு என்றாள்.

காரிமங்கலம் பக்கத்து நஞ்சப்பன் குடும்பம் தை பிறந்ததும் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. பையன் மாதவராஜ் ஓசூரில் வங்கியில் வேலை. பிடித்திருக்கிறது என்று மறுநாளே சொல்லி அனுப்பினார்கள். இனி வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். பெண் போவதில்லை, அப்பாவும் அம்மாவும் பங்காளிகள் நாலு பேரும் போவார்கள். பேச்சு திருப்தி இல்லையென்றால் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்த வீட்டு இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று பொருள். அதற்குப் பிறகு மாறுவது அசிங்கம். பெண்ணைப் பெற்றவள் இலையில் உட்காராமல் போனால், அப்பன் பத்து இலை சாப்பிட்டாலும் அது சம்மதம் ஆகாது.

சனிக்கிழமை சாயங்காலம் கலைமதி ஓசூரிலிருந்து வந்து இறங்கினாள். தர்மன் லோடுடன் மில்லுக்குப் போயிருந்தான். சாலம்மாள் அடுப்படியில் மகளுக்காகத் தக்காளியும் பச்சைமிளகாயும் வதக்கிக்கொண்டிருந்தாள். நெடி தொண்டையில் இறங்கி எச்சில் ஊறியது.

"நாளைக்கு நான் என்னா செய்யறது கலை? அவங்க எலையில எனக்கானது ஒண்ணும் இருக்காதே. எனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லி, உங்கப்பாவ உங்க அத்தையக் கூட்டிக்கிட்டுப் போவச் சொல்லட்டுமா?"

"அத்தை உக்காந்தா ஆவுமா? நீதாம்மா உக்காரணும்."

"உக்காந்துட்டு வெறும் எலையப் பாத்துக்கிட்டு இருக்கட்டுமா?"

"சாப்பிடும்மா."

"எத?"

"எல்லாத்தயும். போடறத சாப்பிட்டுட்டு வா. ஒரு நாளைக்குத்தானே. ஒண்ணும் ஆயிடாது."

சாலம்மாள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஒண்ணும் ஆவாதா?"

"ஆவாது."

"ஒரு நக்கு பொங்கலுக்கு எல்லாம் போச்சுன்னு அழுத. நாளைக்கு வடை, பாயசம், தயிரு, கத்திரிக்கா அம்புட்டும் தின்னா ஒண்ணும் ஆவாதா? எந்த வாயி நெசம் சொல்லுது?"

கலைமதி தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். பேருந்துத் தூசி இன்னும் முகத்தில் இருந்தது.

"கொறையலம்மா."

"என்னா கொறையல?"

"உனக்கு. பொங்கலுக்கு முன்னாடி ரத்தம் குடுத்தியில்ல, அந்த ரிசல்ட்டு. ஒடம்பே சுரப்பிய அடிக்குதுன்னு சொன்னனே, அந்த எதிர்ப்பு நம்பரு ஆரம்பத்துல எவ்ளோ இருந்துச்சோ அப்படியேதான் இருக்குது. கொஞ்சம் ஏறிக்கூட இருக்குது."

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கெழங்க தின்னு தின்னுன்ன? அதுக்கப்புறம் எத்தன தட்டு போட்டோ அனுப்பினன்."

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்னு அந்த பெங்களூரு மேடம் சொன்னாங்க. சில பேருக்கு ஒரு வருசம் ஆவுமாம். எனக்கு வேற வழி தெரியலம்மா."

"உனக்கு என்னாத்துக்கு வழி தெரியணும்? நோவு எனக்கு."

கலைமதி தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கும் இருக்குது."

அடுப்பில் தக்காளி அடிபிடிக்கும் வாசனை வந்தது. சாலம்மாள் இறக்கவில்லை.

"உன்ன ஓசூருக்குக் கூட்டிக்கிட்டுப் போயி டெஸ்ட் எடுத்தமில்ல. அன்னிக்கு நானும் சும்மா குடுத்துப் பாத்தன். உன்னோடது மாதிரியே வந்துச்சு. எனக்கு ஆரம்பம்தானாம். மாத்திர ஆரம்பிக்கணும்னாங்க. நான் இன்னும் ஆரம்பிக்கல."

"ஏன்?"

"ஆரம்பிச்சா ஆயுசுக்கும் போடணும்மா. போற வூட்ல தெரியாம இருக்குமா? சாப்பாட்டுலயே சரி பண்ணிட்டா மாத்திரையே வேணாம்னு சொன்னாங்க. நெசமான்னு தெரியல. உனக்குக் கேட்டுச்சுன்னா எனக்கும் கேக்கும்னு நெனச்சன். ஒரே ரத்தந்தானே."

"அப்ப நீயும் இதையெல்லாம் விட்டுட்டயா?"

"நான் எங்கம்மா விடறது. ஹாஸ்டல் சாப்பாடு. ஆபீஸ்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறம். நான் மட்டும் கெழங்கு கொண்டுக்கிட்டுப் போனா என்னான்னு கேப்பாங்க."

சாலம்மாள் எழுந்து வாணலியை இறக்கினாள். அடி கருகிவிட்டிருந்தது. சுரண்டிக்கொண்டே பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"மில்லுக்காரன் புது ரகக் குச்சி குடுத்தா உங்கப்பன் என்னா பண்ணுவாரு தெரியுமில்ல? நல்ல நெலத்துல நட மாட்டாரு. கெணத்து மேட்டோரமா ஒரு பாத்தி நடுவாரு. வந்தா மறுவருசம் வயலுக்கு. அழுவிப் போனா ஓரம்தானே, போவட்டும்னு விட்டுருவாரு. நான் ஓரப் பாத்தியா கலை?"

"அப்படி இல்லம்மா."

"எப்படி இல்ல?"

கலைமதி அழுதாள். "நீ நல்லாவணும்னும் நெனச்சன்."

"நெனச்ச. அதையும் நெனச்ச." சாலம்மாள் கருகல் போக மிச்சத்தை ஒரு கிண்ணத்தில் எடுத்து மகள் முன்னால் வைத்தாள். "அவங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம் பாப்பா. ஒரு மாத்திரதானே. நான் போடலயா?"

"வேணாம்மா. கால்ல வேணாலும் உளுவறன். மாதவராஜ் நல்லவரு. நாங்க பேசிக்கிட்டுத்தான் இருக்கறம். கல்யாணம் ஆவட்டும், நானே மெதுவா சொல்லிக்கறன். முன்னாடியே சொன்னா அவங்க வூட்ல விட மாட்டாங்க. நாளைக்கு மட்டும் சாப்பிட்டுட்டு வா."

அவள் சாப்பிடும்வரை சாலம்மாள் அங்கேயே நின்றாள். மகளைப் பார்க்கவும் இல்லை, நகரவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் கிளம்பினார்கள். கடத்தூர் தாண்டும்வரை பங்காளிகள் மில்லுக்காரன் பாயிண்ட் குறைத்ததைப் பற்றியே பேசினார்கள். சாலம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தொளதொளத்த ரவிக்கையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருந்தாள். தர்மனிடம் எதையும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தால் முகத்தில் தெரிந்துவிடும்.

நஞ்சப்பன் வீடு தென்னந்தோப்புக்கு நடுவே இருந்தது. கொட்டகையில் நாலு சீமைப்பசு. வாசலில் தக்காளிக் கூடைகளை அடுக்கி ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் மட்டம் பேசினார்கள். மாதவராஜ் வந்து வணங்கிவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டான். வெயிலில் கறுத்த, கூச்சமான பையன். சாலம்மாளுக்குப் பிடித்திருந்தது. அதுவும் வருத்தமாக இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா சுகுணா அவளை அடுப்படிக்கே அழைத்துப் போனாள். ஆறேழு பாத்திரங்கள் மூடி வைத்திருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள்.

"ஆள வெக்கலீங்கக்கா. எல்லாம் என் கையாலதான். சோறு போடறதுல மட்டும் நான் கொஞ்சம் பிசாசு. எங்கூட்ல எலையில மிச்சம் வெச்சா எனக்கு ஆவாது."

"வாசனையே சொல்லுதுங்க."

"இப்டி எளச்சிருக்கறீங்களே, ஒடம்புக்கு என்னாங்க?"

"வயித்துப்புண்ணுங்க. இப்ப தேவல."

"தயிரு சாப்பிடுங்க. நம்ம மாட்டுத் தயிரு." சுகுணா கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்ககிட்ட சொல்றதுக்கு என்னா. இவனுக்கு இதுக்கு முன்னாடி ஒரு எடம் தட்டு மாத்தற வரைக்கும் போயி நின்னுபோச்சு. கேள்விப்பட்டிருப்பீங்க."

"இல்லீங்க."

"பொண்ணுக்குத் தைராய்டு. ஒரு விசேசத்துக்கு வந்து இங்க தங்குச்சு. விடிகாலைல பொறவாசல்ல நின்னு ஒளிஞ்சு ஒளிஞ்சு மாத்திர போட்டத எங்க நாத்தனாரு பாத்துட்டாங்க. கேட்டா சத்து மாத்திரைங்குது. அவங்கம்மாவும் அதையே சொல்றாங்க. நோவு யாருக்கு வரலீங்க? எனக்கு சக்கர இருக்குது. மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு மாத்திரதானேன்னு விட்டிருப்பன். பெத்தவ என் எலையில உக்காந்து தின்னுக்கிட்டே பொய் சொன்னா பாருங்க. அதத்தான் என்னால தாங்க முடியல."

சாலம்மாள் திறந்திருந்த பாத்திரத்தை மூடி வைத்தாள். விட்டிருப்பேன் என்று இப்போது சொல்கிறாள். அப்போது விட்டிருப்பாளா? அந்த நாத்தனார் விட்டிருப்பாளா? இருந்தாலும் இந்தப் பெண்ணின் முகத்தில் கள்ளம் இல்லை. சொல்லிவிடலாம். கை நனைப்பதற்கு முன்னால் சொன்னால் அது பொய் ஆகாது. என் மகளுக்கும் இருக்கிறது, நேற்றுத்தான் எனக்கே தெரியும், விருப்பம் இருந்தால் இலை போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறோம். நாலு வார்த்தை.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு," என்று ஆரம்பித்தாள்.

"சுகுணா, எல போட்டாச்சு," என்று நஞ்சப்பன் கூடத்திலிருந்து கூப்பிட்டார்.

"உக்காந்துக்கிட்டே பேசலாம் வாங்க," என்று சுகுணா அவள் கையைப் பிடித்து அழைத்துப் போய்த் தர்மனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

இலைக்குத் தண்ணீர் தெளித்தார்கள். சோறு வருவதற்குள் சொல்லிவிடலாம் என்று சாலம்மாள் நினைத்தாள். வடை வந்தது. கத்திரிக்காயும் உருளைக்கிழங்கும் போட்ட வறுவல், எண்ணெய் மினுமினுக்க வந்து விழுந்தது. அப்பளம். பிறகு சோறு. பொன்னி அரிசி, ஆவி அவள் முகத்தில் அடித்தது. சுகுணா அதன் தலையில் ஒரு கரண்டி நெய் விட்டு, அவரைக்காய்ச் சாம்பாரை ஊற்றினாள். பெருங்காயமும் வதங்கிய தக்காளியும் மணந்தன. சாலம்மாளின் வாயில் எச்சில் ஊறி உதட்டோரத்துக்கு வந்தது. விழுங்கினாள். மறுபடி ஊறியது. கூடத்தில் எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தர்மன் உள்பட.

கை இலைக்குப் போனதை அவள் உணர்ந்தாள். நிறுத்த நினைத்ததாகவும் பிற்பாடு அவளுக்குத் தோன்றியது. சோற்றைப் பிசைந்து முதல் வாய் வைத்தாள். நாக்கின் இரண்டு பக்கமும் சுரீர் என்று வலித்தது. இத்தனை மாதம் சும்மா கிடந்த நாக்கு புளிப்பையும் காரத்தையும் தாங்காமல் வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுகுணா அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, "மகளக் கட்டிக் குடுக்கறதுன்னா எந்தத் தாய்க்கும் அப்டித்தானுங்க சம்பந்தி," என்றாள். அடுப்படியில் அக்காவாக இருந்தவள் அதற்குள் சம்பந்தி ஆகிவிட்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சாலம்மாள் தலையைத் தூக்கவில்லை. சாம்பார் சோறு முடிந்து ரசம் கேட்டாள். வடையைப் பாயசத்தில் நனைத்துத் தின்றாள். பாயசம் இன்னொரு தடவை வாங்கினாள். தயிர்ச் சோற்றுக்கு ஊறுகாய் மிளகாயைக் கடித்தாள். மகளை நினைத்து உட்கார்ந்தவள், ரசத்துக்கு மேல் மகளை நினைத்ததாகச் சொல்ல முடியாது. இலை வழித்ததுபோல் ஆனபோது நஞ்சப்பன், "பரவால்ல, சம்பந்தியம்மா நம்ம வூட்டுப் பழக்கத்த மொத நாளே புடிச்சுக்கிட்டாங்க," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சுகுணாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

கை கழுவும் இடத்தில் சாலம்மாள் விரல்களை முகர்ந்தாள். கழுவின பிறகும் நெய் வாசனை இருந்தது.

திரும்பும்போது வேனில் வெற்றிலை போட்டபடி எல்லோரும் பேசினார்கள். பங்குனியில் நிச்சயம், வைகாசியில் கல்யாணம். மொரப்பூர் சாலையில் சாலம்மாள் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, புளியமரத்தடியில் வாந்தி எடுத்தாள். பழகாத வயிறு. தர்மன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"அளவாத் தின்னிருக்கக் கூடாதா?"

"கூடாது," என்றாள்.

வீட்டில் கலைமதி வாசலிலேயே நின்றாள். தர்மன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, "முடிஞ்சுது பாப்பா. உங்கம்மா பாயசத்த கேட்டு வாங்கிக் குடிச்சா," என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான். கலைமதி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சாலம்மாள் கைகளைத் தூக்கவில்லை.

"சொல்லலயேம்மா?"

"சொல்லல."

"நாளைலேர்ந்து நீ மறுபடியும் ஆரம்பிச்சுக்கலாம்மா. மேடத்துகிட்ட நான் பேசிக்கறன்."

"நீ ஆரம்பி."

"நான் கல்யாணத்துக்கு அப்புறம் எப்படியாவது பாத்துக்கறன்."

"எப்படிப் பாத்துக்குவ? அந்தம்மா எலைக்குப் பக்கத்துல நின்னு சோறு போடறவங்க. மிச்சம் வெச்சா ஆவாது அவங்களுக்கு. முன்னாடி ஒருத்தி விடிகாலைல ஒளிஞ்சு மாத்திர போட்டான்னு தட்டு மாத்தினதயே நிறுத்துனவங்க. தெரியுமா அது உனக்கு?"

கலைமதிக்குத் தெரிந்திருக்கவில்லை. முகம் வெளுத்துப்போயிற்று.

"மாத்திரையும் போட முடியாது, சாப்பாடும் விட முடியாது. என்னா பண்ணப் போற?"

"இப்ப வந்து சொல்றியேம்மா. அங்கயே வேணாம்னுட்டு வந்திருக்கலாமில்ல."

"வந்திருக்கலாம்," என்றாள் சாலம்மாள். "பசி."

அப்போது போன் அடித்தது. சுகுணா. சாலம்மாள் சத்தத்தைக் கூட்டி, இருவருக்கும் நடுவே பிடித்துக்கொண்டாள்.

"சம்பந்தி, சுகமா போய்ச் சேந்தீங்களா? ஒண்ணு கேக்க மறந்துட்டனுங்க. மக வந்தான்னா நான்தான் பாத்துக்கணும். அதுக்கு என்னா புடிக்கும், எது ஒத்துக்காது, எல்லாம் இப்பவே சொல்லிடுங்க. எதுன்னாலும் சொல்லுங்க, தப்பா எடுத்துக்க மாட்டன். நான் அதுக்குத் தகுந்த மாதிரி ஆக்கிப் போடுவன்."

கலைமதி தலையை ஆட்டினாள். சொல்லாதே என்கிறாளா, சொல்லிவிடு என்கிறாளா என்று பார்த்தால் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது. மகளின் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைச் சாலம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னுடையது போலவே அங்கும் லேசாகப் புடைத்திருந்தது. இதுவரை கவனிக்கவில்லை.

"சம்பந்தி, கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க," என்றாள் சாலம்மாள். "எங்க புள்ளைக்கு ஒத்துக்காததுன்னு ஒண்ணுமே இல்லீங்க. நீங்க போடறதெல்லாம் திம்பா."